ஆய்வகம் வந்தது, உரிமை வந்ததா?

நம்பிக்கை: பெருநிறுவனங்கள் ஆராய்ச்சியைப் பல நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டதால், புதுமை படைக்கும் ஆற்றல் உலகெங்கும் பரவிவிட்டது.

இதில் பாதி உண்மை. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல்லின் முதல் வடிவமைப்பு மையம் 1974-ல் இஸ்ரேலின் ஹைஃபாவில் தொடங்கியது. 1981-ல் வந்த ஐபிஎம் தனிக்கணினியில் இருந்த 8088 சில்லு அங்கே உருவானது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-ல் பெங்களூருக்கு வந்தது. 2008-ல் வெளியான இன்டெல்லின் ஆறு கருக்கள் கொண்ட ஜியான் (Xeon) சில்லைப் பெங்களூர்க் குழுவே வடிவமைத்தது. வெளிநாட்டுக்கு வருவது எடுபிடி வேலைதான் என்ற ஏளனம் இங்கே செல்லாது. ஆனால் மையங்கள் அமைந்த ஊர்களைக் கவனியுங்கள். ஹைஃபாவில் டெக்னியான், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம், பெய்ஜிங்கில் சிங்ஹுவா பல்கலைக்கழகம் என, ஏற்கெனவே பொறியாளர்கள் குவிந்திருந்த இடங்கள் அவை. ஆட்கள் இருப்பதால் மையம் வருகிறது; மையம் இருப்பதால் மேலும் ஆட்கள் வருகிறார்கள். கலிபோர்னியாவிலிருந்து பெங்களூர் வரை வந்த வேலை, அதே கர்நாடகத்தின் கலபுரகிக்குப் போய்ச் சேரவில்லை.

உரிமையோ இன்னும் குறைவாகவே நகர்ந்திருக்கிறது. பணி ஒப்பந்தப்படி கண்டுபிடிப்பு நிறுவனத்துக்குச் சொந்தம். காப்புரிமை ஆவணத்தில் கண்டுபிடித்தவரின் முகவரி பெங்களூராக இருக்கும். உரிமையாளரின் முகவரி கலிபோர்னியாவாக இருக்கும். அடுத்து எதை ஆராய்வது, எதைக் கைவிடுவது என்ற முடிவும் பெரும்பாலும் தலைமையகத்தில்தான் எடுக்கப்படுகிறது.

காகிதம் யாரிடம் இருந்தால் என்ன, அறிவு மனிதர்களோடு வெளியேறும் அல்லவா என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். 1998-ல் பெய்ஜிங்கில் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்திலிருந்து வெளியேறிய வாங் ஜியான்தான் அலிபாபாவின் மேகக் கணிமைப் பிரிவை உருவாக்கினார். ஆனால் அவரை ஏற்றுக்கொள்ள, துணிந்து பணம் போட, அங்கே ஓர் உள்நாட்டு நிறுவனம் காத்திருந்தது. அப்படி ஒன்று இல்லாத ஊரில், பொறியாளர் ஒரு வெளிநாட்டு மையத்திலிருந்து விலகி எதிர்த்தெரு வெளிநாட்டு மையத்தில் சேர்வார். உள்நாட்டு வலிமையை ஆராய்ச்சிச் செலவு காட்டும்: மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இஸ்ரேல் 5 சதவீதத்துக்கு மேலும் சீனா 2 சதவீதத்துக்கு மேலும் ஆராய்ச்சிக்குச் செலவிடுகின்றன. இந்தியா 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அதிலும் தனியார் பங்கு பாதிக்கும் குறைவு. உலக நிறுவனங்களின் மையங்களை ஈர்க்கத் தமிழக அரசு ஊதிய மானியம் அறிவித்திருக்கிறது. வேலைகளை எண்ணித் தரும் அந்த மானியத்தோடு, உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களுடன் கூட்டு ஆராய்ச்சியையும், அதில் பிறக்கும் காப்புரிமையில் ஒரு பங்கையும் நிபந்தனையாகக் கேட்க வேண்டும்.