சதுப்புக்கரியும் தென்னை நார்க்கழிவும்

சென்னையில் மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு முதலிய இடங்களில் வீட்டு மாடிகளில் தொட்டிச் செடி வளர்ப்போர், நாற்றுப்பண்ணைகளில் 'பீட்' என்றும் 'கோகோபீட்' என்றும் இருவகைப் பொருள்களைக் கேட்டு வாங்குகின்றனர். பெயர் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றே எனக் கருதுவோர் பலர். அவை ஒன்றல்ல. முன்னது சதுப்பு நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாகத் திரண்ட கரி. பின்னது தென்னை மட்டையில் நார் எடுத்தபின் உதிரும் தூள். தோப்புடையோரின் வருவாயும், நீர்நிலைகளைக் காக்கவேண்டிய கிராம அதிகாரிகளின் பொறுப்பும் இவ்வேற்றுமையில் அடங்கியிருத்தலால், இதனைச் சற்று விரிவாக அறிதல் நன்று.

சதுப்புக்கரி உண்டாகும் விதம்

சாதாரண நிலத்தில் மடிந்து விழும் இலை தழைகளை நுண்ணுயிர்கள் பிராணவாயுவின் துணையால் மக்கச் செய்து மண்ணோடு சேர்த்துவிடுகின்றன. ஆண்டு முழுதும் ஜலம் தேங்கிநிற்கும் பள்ளங்களில் காற்று உட்புகுவதில்லை. ஆகவே மடிந்த பாசியும் கோரையும் புல்லும் முற்றிலும் மக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கறுத்து, பஞ்சுபோன்ற அடுக்காகின்றன. இதுவே பீட் என்னும் சதுப்புக்கரி. குளிர்ச்சியும் புளிப்புத்தன்மையும் மக்குதலை மேலும் தடுக்கும். இவ்வடுக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே வளரும். ஆதலால் ஒரு மீட்டர் கரி சேர ஆயிரம் ஆண்டுகள் வேண்டும். இது மண்ணடியில் புதைந்து யுகக்கணக்கில் அழுத்தமுற்றால் பழுப்பு நிலக்கரியாகும். நெய்வேலியில் வெட்டியெடுக்கப்படுவது அவ்வகையினதே.

நம் நாட்டில் காணப்படும் இடங்கள்

தமிழ்நாட்டில் உண்மையான சதுப்புக்கரி நீலகிரியின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில் உளது. உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லாவில் உள்ள படிவுகள் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடையன. அவற்றில் அடங்கிய மகரந்தத்தையும் கரியின் தன்மையையும் ஆராய்ந்து, அம்மலையில் பண்டைக்காலத்தில் மழை மிகுந்ததும் குறைந்ததும் கணிக்கப்பட்டுள்ளன.

கேரளத்தின் குட்டநாட்டில் 'கரி நிலம்' எனப்படும் கறுத்த வயல்கள் உள. அங்குப் புதைந்த மரத்துண்டுகளும் கந்தகக் கூட்டுப் பொருள்களும் மண்ணில் கலந்துள்ளன. ஜலத்தை வடித்து நிலத்தை உலரவிட்டால் கந்தகம் காற்றோடு சேர்ந்து அமிலமாகிப் பயிரைக் கெடுக்கும். ஆதலால் அவ்வயல்களில் சுண்ணாம்பு இடுதலும் நீரை அளவறிந்து நிறுத்துதலும் இன்றியமையாதன. சதுப்பு நிலத்தை வடித்தால் உடனே நல்ல வயலாகும் என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

பள்ளிக்கரணை

அடையாற்றிற்குத் தெற்கே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பில் கோரையும் நாணலும் செழித்திருந்தும், நீலகிரியைப்போல் தடித்த கரி படிவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் நீர் கோடையில் பெரிதும் வற்றுகின்றது. அப்போது காற்றும் வெப்பமும் புகுந்து தழைகளை மக்கச் செய்கின்றன. எஞ்சுவது கரிய வண்டலே. எனினும் இந்நிலத்தின் பயன் வண்டலைக்கொண்டு அளக்கத்தக்கதன்று. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் இதில் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயையும் பின்னர்க் கோவளத்தையும் அடைகின்றது. பயனற்ற பூமி என எண்ணப்பட்டு, குப்பையாலும் கட்டடங்களாலும் இச்சதுப்பு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி முதலிய தாழ்ந்த இடங்கள் நீரில் மூழ்கியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். 2022இல் இது ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தியாகராயநகரும் 1920களில் மாம்பலத்தை அடுத்துக் கிடந்த நீண்ட ஏரியின் பரப்பைத் தூர்த்து எழுந்ததே. இழந்த நீர்நிலை மீள்வதில்லை.

எரிபொருளாக

வெட்டியெடுத்த பச்சைக் கரியில் பத்தில் ஒன்பது பங்கு ஜலமே. அதனைச் செங்கல் வடிவாக அறுத்து, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தியபின்னரே எரிக்கலாம். உலர்ந்தபின்னும் நல்ல நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறையப் பாதியே தரும்; புகையும் மிகுதி. அயர்லாந்து மக்கள் பல நூற்றாண்டுகள் இதனையே அடுப்பில் எரித்தனர். 19ஆம் நூற்றாண்டில் உதகமண்டலத்திலும் விறகுக்குத் துணையாக இது பயன்பட்டது. ஆயின் உலகின் நிலப்பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்கே உள்ள இந்நிலங்கள், காடுகள் அனைத்தும் சேர்த்து வைத்திருப்பதைவிட மிகுதியான கரியைத் தம்முள் கொண்டுள்ளன. அவற்றை எரித்தாலும் வடித்தாலும் அது கரியமிலவாயுவாக வெளியேறும். அயர்லாந்தின் அரசாங்க நிறுவனமான போர்டு நா மோனா, கரி வெட்டுதலை நிறுத்திவிட்டதாக 2021இல் அறிவித்தது.

தோட்டத்தில்

சதுப்புக்கரி தன் எடையைப்போல் பலமடங்கு நீரை உறிஞ்சி வைக்கும், இலேசானது, களைவிதை குறைவு. ஆகவே நாற்று வளர்ப்போர் அதனை விரும்பினர். ஆயின் அதில் பயிர்ச்சத்து மிகக் குறைவு. புளிப்பு மிகுதியாதலால் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். இதே நீர்ப்பிடிப்பைத் தென்னை நார்க்கழிவு தருகின்றது. அதற்காக ஒரு சதுப்பையும் வெட்ட வேண்டுவதில்லை.

நார்க்கழிவை எருவாக்கும் முறை

பச்சை நார்க்கழிவை நேரே வயலிலிட்டால், அதிலுள்ள மிகுந்த கரிச்சத்தை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை உண்டுவிடும், பயிர் வெளிறும். ஆதலால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்த முறைப்படி மக்கச் செய்தல் வேண்டும்.

1. நிழலுள்ள மேட்டிடத்தில், ஐந்து மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமுமாக நூறு கிலோ நார்க்கழிவைப் பரப்புக.

2. அதன்மேல் சிப்பிக்காளான் வித்து 400 கிராம் தூவுக.

3. மீண்டும் நூறு கிலோ நார்க்கழிவைப் பரப்பி, ஒரு கிலோ யூரியா இடுக.

4. இவ்வாறே மாறி மாறி ஒரு மீட்டர் உயரம்வரை அடுக்குக. ஒரு டன்னுக்கு யூரியா ஐந்து கிலோ ஆகும்.

5. ஈரம் குன்றாமல் நீர் தெளித்துவருக. ஏறத்தாழ அறுபது நாளில் கறுத்து, இலேசாகி, மண்வாசனை வரும்.

இதனால் கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1 என்பதிலிருந்து ஏறக்குறைய 24:1 ஆகக் குறையும்.

கவனிக்க வேண்டியன

உப்பங்கழியில் ஊறவைத்த மட்டையின் கழிவில் உப்பு மிகுதி. அதனை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து வடிக்கவேண்டும். நிறத்தைக்கொண்டு உப்பை அறிய இயலாதாகையால், மண் பரிசோதனை நிலையத்தில் காட்டுதல் நலம். தொட்டிகளுக்குச் செம்மண், நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சமபங்காகக் கலக்கலாம். நார்க்கழிவை மட்டும் நம்பிச் செடி வளர்த்தால் சத்துக் குறையும்.

நார் ஆலைகளின் அருகே இக்கழிவைக் குவித்துத் தீயிடும் வழக்கம் இன்றும் சிலவிடங்களில் உளது. அது அணையாமல் உள்ளூரக் கனன்று, ஊரைப் புகைமண்டலமாக்கும். விற்கத்தக்க பொருளும் சாம்பலாகும். தோப்புடையோர் அதனை எருவாக்கியோ கட்டிகளாக அழுத்தியோ விற்பாராக. கிராம அதிகாரிகள் தம் எல்லையிலுள்ள ஏரியும் கழுவெளியும் தூர்க்கப்படாமல், அங்குள்ள வண்டல் தோட்டத்திற்கெனக் களவாக அள்ளப்படாமல் காப்பாராக. ஆயிரம் ஆண்டில் சேர்வதை ஒரு பருவத்தில் அழிப்பது எளிது; மட்டையோ ஆண்டுதோறும் மரத்திலிருந்தே கிடைக்கின்றது.