மழைக்கு முன் மின்பெட்டியில் பார்க்க வேண்டியவை

புரட்டாசி முடிவதற்குள், அதாவது வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன், புதுச்சேரி முதலியார்பேட்டையின் வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டு மின்பெட்டியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபோது ஒரு நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அத்தகைய மழையில் சுவரும் அதில் பதிந்த சுவிட்ச் பெட்டியும் சேர்ந்தே நனையும்.

பழைய வீடுகளில் இன்னும் காணப்படும் ஃபியூஸ் கட்டை என்பது, பீங்கான் பிடிக்குள் பூட்டிய மெல்லிய கம்பி அளவுக்கு மீறிய மின்னோட்டத்தால் சூடேறி உருகிச் சுற்றை அறுக்கும் எளிய ஏற்பாடு. அதற்கு மாற்றாக வந்த எம்.சி.பி. எனும் தானியங்கிச் சுவிட்சோ இரு வழிகளில் இயங்குகிறது: சுமை கூடும்போது அதனுள் இருக்கும் ஈருலோகப் பட்டை சூட்டினால் மெல்ல வளைந்து விசையை விடுவிக்கிறது, குறுக்குச்சுற்று நேரும்போது மின்காந்தச் சுருள் நொடியின் சிறு பகுதிக்குள் அதைச் செய்கிறது. ஆலைகளில் பயன்படும், மணல் நிரப்பிய மூடிய ஃபியூஸ் மிகப் பெரிய மின்னோட்டத்தையும் வெட்டவல்லது என்பதால், ஃபியூஸ் என்றாலே தாழ்ந்தது என்பது சரியன்று. வீட்டு ஃபியூஸின் கேடு அதைக் கட்டும் கையில்தான் இருக்கிறது; நள்ளிரவில் கம்பி உருகியதும் கையில் கிடைத்த தடித்த செம்பு இழையைச் சுற்றிவிட்டால், அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதிலாகச் சுவருக்குள் ஓடும் ஒயரே எரியும். எம்.சி.பி.யில் அந்த வாய்ப்பு இல்லை. ஆயினும் அடிக்கடி 'டிரிப்' ஆகிறதென்று 16 ஆம்பியருக்குப் பதில் 32 ஆம்பியர் எம்.சி.பி.யை மாட்டுவோர் அதே தவற்றைப் புதிய பெட்டியில் செய்கின்றனர். ஆகவே எம்.சி.பி.யின் முகப்பில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து, அது ஒயரின் பருமனுக்குப் பொருந்துகிறதா என்று மின்பணியாளரிடம் உறுதிசெய்துகொள்வது இப்போது செய்ய வேண்டிய முதல் வேலை.

இவ்விரண்டும் காப்பது ஒயரை, ஆளை அன்று. நனைந்த உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் அதனூடே பாய்வது கால் ஆம்பியருக்கும் குறைவு. இது ஒரு பழைய மேல்விசிறி இழுப்பதைவிடக் குறைவாதலால் ஃபியூஸும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யும் அதைப் பொருட்படுத்தா, ஆனால் இதயத்தை நிறுத்த அது தாராளமாகப் போதும். இதற்கென உள்ளதே ஆர்.சி.சி.பி.: ஃபேஸில் சென்ற மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாக உள்ளனவா என்று இடைவிடாது ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே 0.3 நொடிக்குள் சுற்றைத் துண்டிக்கும். அது சுமையைக் கவனிக்காது என்பதால் எம்.சி.பி.யை அகற்றிவிட்டு இதை வைப்பதில் பயனில்லை, இரண்டும் வேண்டும். ஒருவர் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் இதுவும் காப்பாற்றாது. ஏற்கெனவே ஆர்.சி.சி.பி. வைத்திருப்பவர்கள் அதன் 'டெஸ்ட்' பொத்தானை இன்றே அழுத்திப் பார்த்து, விசை விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும். அந்தப் பொத்தான் எர்த் இணைப்பைச் சோதிப்பதில்லை. அதைத் தனியே அளக்கச் சொல்ல வேண்டும்.

மழை தொடங்கியபின் எம்.சி.பி. விழுந்தால், எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு ஒருமுறை மட்டுமே மேலேற்றிப் பார்க்கலாம். மீண்டும் விழுந்தால் விட்டுவிட வேண்டும். தண்ணீர் வீட்டை நெருங்கும்போதே, தரை காய்ந்திருக்கையில், மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். நீர் புகுந்தபின் அதில் நின்றுகொண்டு பெட்டியைத் தொடாமல், மின்துறைக்குத் தெரிவித்து வெளியிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கச் சொல்வதே வழி. தெருவில் மின்சாரம் திரும்பியவுடன் மெயினை ஏற்றாமல், மின்பணியாளர் ஒயரின் காப்புத்தடையை மெகர் கருவியால் அளக்கும்வரை காத்திருக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் காய்ந்தபின் இயங்குவதுபோல் தோன்றினாலும், உள்ளே சேறும் துருவும் தங்கியிருக்குமாதலால் அவற்றைக் கழற்றிப் புதியன பொருத்த வேண்டும்.