பழைய கார்ல கூலன்ட் லீக்: 8,100 ரூபாய் ரிப்பேரா, மாசம் 10,501 ரூபாய் இஎம்ஐயா?

வீடியோவில் இந்தக் கதையைச் சுருக்கமா சொல்லியிருந்தேன். கணக்கை முழுசா எழுதுங்கன்னு நிறைய பேர் கேட்டதால இந்தப் பதிவு.

பென்னலூர்ல, வெங்கடேஸ்வரா இன்ஜினியரிங் காலேஜ் பக்கத்துல வாடகைக்கு இருக்கிற நண்பர் ஒருத்தர். ஒரகடத்துல ஒரு பார்ட்ஸ் கம்பெனியில ஷிஃப்ட் வேலை. 2011 மாடல் சின்ன கார் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கி வச்சிருக்கார். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றதுக்கும், அம்மாவை மாசம் ரெண்டு தடவை காஞ்சிபுரத்துக்கு செக்கப் கூட்டிட்டுப் போறதுக்கும் அந்த ஒரு கார்தான். போன ஏப்ரல்ல எனக்கு போன் பண்ணார். "அண்ணே, கார் தண்ணி குடிக்குது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அரை லிட்டர் ஊத்துறேன். ஒர்க்ஷாப்ல 38,000 சொல்றாங்க. பேசாம வித்துட்டு லோன்ல புதுசு எடுத்துடவா?"

நான் முதல்ல கேட்டது ஒண்ணுதான். என்ன தண்ணி ஊத்துறீங்க? "வீட்டு போர் தண்ணிதான் அண்ணே."

அரை லிட்டர் தண்ணியோட உண்மையான விலை

போர் தண்ணி ஓசிதானே, இதுல என்ன செலவுன்னு தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க. ரெண்டு நாளைக்கு அரை லிட்டர்னா மாசத்துக்கு ஏழரை லிட்டர். இந்த மாதிரி சின்ன காரோட கூலிங் சிஸ்டத்துல மொத்தமா பிடிக்கிறதே நாலு அஞ்சு லிட்டர்தான். அப்போ ஒரே மாசத்துல உள்ளே இருந்த கூலன்ட் கிட்டத்தட்ட எல்லாமே வெளியே போய், வெறும் உப்புத் தண்ணியில இன்ஜின் ஓடிட்டு இருக்கு.

கூலன்ட்ங்கிறது கலர் போட்ட தண்ணி இல்லை. எத்திலீன் கிளைக்கால், தண்ணி, அதோட துருவும் அரிப்பும் பிடிக்காம இருக்கச் சேர்க்கிற ரசாயனங்கள். குளிர் நாட்டுல அது தண்ணி உறையாம இருக்கிறதுக்கு. நம்ம ஊருக்கு அந்தக் கவலை இல்லை, நமக்கு வேணும்கிறது மத்த ரெண்டு குணம். ஒண்ணு, அலுமினியம் ரேடியேட்டரையும் சிலிண்டர் ஹெட்டையும் அரிக்க விடாது. இன்னொண்ணு, கொதிநிலையை ஏத்தும். சும்மா தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 107 டிகிரி வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல ரேடியேட்டர் மூடி ஒரு வேலை செய்யுது. அது உள்ளே சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும். அந்த அழுத்தத்துல வெறும் தண்ணியே 118 டிகிரி வரை கொதிக்காது, கூலன்ட் 125ஐயும் தாண்டும்.

லீக் இருந்தா அந்த அழுத்தம் நிக்காது. மே மாசம், மதியம் ரெண்டு மணி ஷிஃப்ட் மாறுற நேரம், இருங்காட்டுக்கோட்டையில கம்பெனி பஸ்ஸுங்க நடுவுல ஏசி போட்டு நிக்கிறீங்க. உள்ளே இருக்கிறது அழுத்தமும் இல்லாத, கூலன்ட்டும் இல்லாத தண்ணி. அது கொதிச்சு ஹெட் வளைஞ்சு, கேஸ்கெட் போனா, 38,000ங்கிற பயமுறுத்தல் நிஜமாவே ஆகிடும்.

38,000 எங்கிருந்து வந்துச்சு?

அந்த ஒர்க்ஷாப் பேர் வேண்டாம். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் மூணையும் எஸ்டிமேட்ல எழுதிட்டாங்க. எதைச் சோதிச்சு எழுதினாங்கன்னு கேட்டா பதில் இல்லை. மூணையும் மாத்தினா லீக் நின்னுடும், உண்மைதான். தலைவலிக்கு தலையையே மாத்தினாலும் வலி நின்னுடும்.

பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு டெஸ்ட் செய்யச் சொன்னேன். ஸ்ரீபெரும்புதூர்ல இருக்கிற இன்னொரு மெக்கானிக் அண்ணன்கிட்ட ரெண்டுக்கும் கருவி இருந்தது.

முதல் டெஸ்ட், பிரஷர் டெஸ்ட். இன்ஜின் ஆறினப்புறம் ரேடியேட்டர் வாயில ஒரு கை பம்பை மாட்டி, மூடியில எழுதியிருக்கிற அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏத்துவாங்க. முள்ளு அப்படியே நின்னா வெளி லீக் இல்லை. இறங்கினா எங்கேயோ போகுது, டார்ச் அடிச்சுத் தேட வேண்டியதுதான். நம்ம நண்பர் கார்ல முள்ளு மெதுவா இறங்கிச்சு. ரேடியேட்டர் மேல் தொட்டி பிளாஸ்டிக், அது அலுமினியம் கோரோட சேர்ற விளிம்புல முடி மாதிரி ஒரு விரிசல். பக்கத்துல வெள்ளையா உப்புப் படிஞ்சிருந்தது. மூடியைத் தனியா டெஸ்ட் பண்ணினா, அதுவும் பாதி அழுத்தத்துலயே விட்டுடுச்சு. கீழ் ஹோஸ் அமுக்கினா பஞ்சு மாதிரி இருந்தது.

ரெண்டாவது, ஹெட் கேஸ்கெட் சோதனை. ரேடியேட்டர் வாயில ஒரு குழாயை வச்சு, உள்ளேயிருந்து வர்ற காத்தை நீல நிற திரவம் வழியா இழுப்பாங்க. எரிஞ்ச புகை கூலன்ட்ல கலந்திருந்தா நீலம் மஞ்சளா மாறும். இங்கே நீலமாவே இருந்தது. ஆயில் மூடிக்கு அடியில பால் கலந்த மாதிரி எதுவும் இல்லை, சைலன்சர்ல விடாம வெள்ளைப் புகை இல்லை. கேஸ்கெட் நல்லா இருக்கு. வாட்டர் பம்ப்போட கசிவு ஓட்டையும் காஞ்சு இருந்தது.

பில் இப்படி வந்தது: ரேடியேட்டர் 4,200, மூடி 280, மேல் கீழ் ஹோஸ் 900, கிளாம்ப் 120, ரெடிமிக்ஸ் கூலன்ட் 5 லிட்டர் 1,100, லேபர் 1,500. மொத்தம் 8,100 ரூபாய். உங்க கார், உங்க ஊருக்கு இது மாறும்.

ஒரு குறிப்பு. பம்ப் லீக்னு வந்திருந்தா, முதல்ல கேட்க வேண்டியது டைமிங் பெல்ட் எப்போ மாத்தினீங்கன்னு. சில இன்ஜின்கள்ல பம்ப் அந்த பெல்ட்டுக்குப் பின்னாடி இருக்கும். பெல்ட்டைக் கழட்டித்தான் ஆகணும்னா ரெண்டையும் சேர்த்து மாத்துங்க, லேபர் ஒரு தடவைதான்.

வித்துடலாமாங்கிற கேள்வி

ரிப்பேருக்கு முன்னாடியே ஒரு பழைய கார் வாங்குறவர்கிட்ட விசாரிச்சிருந்தார். 1,10,000 சொன்னவர், தண்ணி ஊத்துறோம்னு தெரிஞ்சதும் 80,000க்கு இறங்கிட்டார். 8,100 ரூபாய் பழுதுக்கு 30,000 ரூபாய் தள்ளுபடி! என்ன பழுதுன்னு தெரியாம விக்கும்போது, வாங்குறவர் மோசமான கணக்கைத்தான் போடுவார். அவரைத் தப்பு சொல்ல முடியாது.

புது காருக்கு 5 லட்சம் லோன், உதாரணத்துக்கு 9.5 சதவீதம், 5 வருஷம்னு வச்சுக்குவோம். இஎம்ஐ 10,501. மொத்தமா கட்டுறது 6,30,060, அதுல வட்டி மட்டும் 1,30,060. அதாவது முதல் மாச இஎம்ஐயை விடக் கம்மி காசுல பழைய கார் சரியாகிடுச்சு.

இதுக்காக பழைய காரை எப்பவும் வச்சுக்கணும்னு சொல்லலை. கேஸ்கெட் டெஸ்ட்ல நீலம் மஞ்சளா மாறியிருந்தா நானே வேற மாதிரி பேசியிருப்பேன். 2011 காருக்கு 15 வருஷம் முடிஞ்சு ஆர்சி புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல் 1லிருந்து அந்தக் கட்டணம் 600லிருந்து 5,000 ஆகிடுச்சு, கிரீன் டாக்ஸ் தனி. டயர் தேய்ஞ்சிருக்கா, அடியில துரு இருக்கா, எல்லாத்தையும் சேர்த்து அடுத்த ரெண்டு வருஷத்துக்கு என்ன ஆகும்னு எழுதிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஒரு லீக்கைப் பார்த்து மட்டும் முடிவு பண்ணாதீங்க.

"இன்ஷூரன்ஸ்ல வராதா?"ன்னு கேட்பீங்க. வராது. சாதாரண பாலிசியில தேய்மானமும் மெக்கானிக்கல் பழுதும் விலக்கு. சூடாகி இன்ஜின் போனாலும் அதே கதைதான். ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் அது விபத்து கிளைமுக்குத்தான். அதனால தனியா ஒரு ஆர்டி போடச் சொன்னேன். கட்டாம விட்ட இஎம்ஐயில கால் பங்கு மாதிரி, மாசம் 2,500. வருஷத்துக்கு 30,000 கார் பேர்ல நிக்கும். அம்மா மருத்துவச் செலவுக் கணக்குல கை வைக்க வேண்டாம்.

வீட்டுலயே செய்யக் கூடியது

காலையில இன்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் தொட்டியில மார்க்கர் பேனாவால கோடு போட்டு, தேதியும் கிலோமீட்டரும் போன்ல போட்டோ எடுத்து வைங்க. ஒரு வாரம் கழிச்சுப் பாருங்க. செலவே இல்லாத டெஸ்ட் இது, மெக்கானிக்கிட்ட பேசும்போது ரொம்ப உதவும். கார் அடியில சொட்டு விழுந்தா தொட்டுப் பாருங்க. நிறமே இல்லாம சுத்தத் தண்ணின்னா அது ஏசி தண்ணி, பயப்படாதீங்க. பச்சையோ சிவப்போ, வழவழன்னு இனிப்பு வாசனை அடிச்சா கூலன்ட்.

வழியில முள்ளு ஏறினா ஏசியை அணைச்சு, ஹீட்டரை முழுசா வைங்க. வெயில்ல வேகும்தான், ஆனா இன்ஜின் சூட்டை அது கொஞ்சம் வாங்கிக்கும். ஓரம் கட்டி ஆஃப் பண்ணுங்க. மூடியை உடனே திறக்கவே கூடாது, கொதிக்கிற தண்ணி முகத்துல அடிக்கும். முக்கால் மணி நேரமாவது விடுங்க. சூடான இன்ஜின்ல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க. ஆறினப்புறம் வீடு போய்ச் சேர வேற வழி இல்லைன்னா எந்தத் தண்ணியும் ஓகே, அப்புறம் முழுசா வடிச்சுட்டு கூலன்ட் போட்டுடணும். இன்னொண்ணு: முள்ளு நடுவுலயே நிக்குதேன்னு நம்பி ஓட்டாதீங்க. தண்ணி முழுசா போயிட்டா சென்சார் காத்துலதான் இருக்கும், தப்பா காட்டலாம்.

லாரி டிரைவர்கள் மஞ்சள் தூள் போடுவாங்க, கடையில லீக் அடைக்கிற திரவமும் கிடைக்குது. நடு ரோட்டுல மாட்டிக்கிட்டா சரி. அதையே வைத்தியமா வச்சுக்கிட்டா, ரேடியேட்டரோட மெல்லிசான குழாயையும் சேர்த்து அடைச்சிடும்.

கூலன்ட் வாங்கும்போது பாட்டில் விலையைப் பார்க்காதீங்க. கான்சன்ட்ரேட்னா சம அளவு டிஸ்டில்ட் வாட்டர் கலந்து ரெண்டு மடங்காகும், ரெடிமிக்ஸ் அப்படியே ஊத்துறது. ஓடக்கூடிய ஒரு லிட்டருக்கு எவ்வளவுன்னு பாருங்க. நிறத்தை நம்பி ஒண்ணோட ஒண்ணு கலக்காதீங்க, நிறத்துக்கு எல்லாருக்கும் பொதுவான விதி கிடையாது. கார் மேனுவல்ல என்ன வகைன்னு போட்டிருக்கும்.

வடிச்ச பழைய கூலன்ட்டை வாசல்லயோ கால்வாய்லயோ ஊத்த வேண்டாம். இனிப்பா இருக்கும், ஆனா விஷம், தெரு நாய் நக்கினா செத்துடும். நண்பர் ஒரு கேன்ல பிடிச்சு ஒர்க்ஷாப்லயே கொடுத்துட்டு வந்தார்.