தீவுக்குப் போகிறீர்களா? முதல் நாளே யோசியுங்கள்!



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "அப்பா, பங்கோர் தீவுக்குப் போகலாம்பா" என்று நச்சரிக்கத்தான் செய்வார்கள். நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, லுமுட் படகுத்துறையில் ஃபெரி ஏறினால் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை, மணற்கரை, மாசி மகத்துக்கு நம்மவர்கள் திரளும் பத்ரகாளியம்மன் கோவில் எல்லாம் பார்க்கலாம். பாடுபடும் குடும்பத்துக்கு இப்படி ஒரு நாள் தேவைதான்.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். தீவில் சுகாதார கிளினிக் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியோ கடலுக்கு இந்தப் பக்கம், ஸ்ரீ மஞ்சோங்கில் இருக்கிறது. ஆகவே, முன்யோசனைதான் அங்கே முதல் மருந்து.

சாப்பாடு

"ராத்திரியே சோறு ஆக்கி, தேங்காய்ச் சட்டினி அரைத்துக் கட்டிக்கிட்டா செலவு மிச்சம்" என்று நினைப்போம். நம் நாட்டு வெயிலில் சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பது ஆபத்து. கெட்டுப்போன சோற்றில் உண்டாகும் நஞ்சு திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம் எடுத்துச் செல்லுங்கள். மத்தியானச் சோற்றைத் தீவுக் கடையில் சுடச்சுட வாங்கிச் சாப்பிடுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரைத் தாராளமாகக் கொண்டுபோங்கள்.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரைத்து, கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பைக் கூட்டிவிடக் கூடாது. பிள்ளை சோர்ந்து துவண்டால் உடனே கிளினிக்குக்குத் தூக்கிப்போங்கள்.

மருந்து

இனிப்புநீர், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் "ஒரு நாள்தானே" என்று மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் வேனில் விடாதீர்கள். ஃபெரிக்குக் காத்திருந்து சாப்பாடு தள்ளிப்போனால் மயக்கம் வரலாம். பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். இனிப்புநீர்க்காரர்கள் மணலில் சிலிப்பர் இல்லாமல் நடக்கவே கூடாது. மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் புண்ணாகி, காலையே இழந்தவர்கள் உண்டு.

படகு என்றாலே குமட்டல் வருகிறவர்கள், வாந்தி தடுக்கும் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணிக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அது தூக்கம் வரவழைக்கும். வேன் ஓட்டுகிறவர் தொடக் கூடாது. சிறு பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். படகின் நடுவில் உட்கார்ந்து தூரத்துக் கரையைப் பார்த்தாலே பாதிக் குமட்டல் அடங்கும்.

கடல்

தோழர்களே, மிக முக்கியமானது இதுதான். தண்ணீரில் மூழ்கும் பிள்ளை கத்தாது, கை ஆட்டாது. சத்தமில்லாமல் ஓரிரு நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். பத்துப் பெரியவர்கள் கரையில் இருந்தும் "அவர் பார்க்கிறார்" என்று ஆளுக்கு ஆள் நினைத்தால், பார்க்க ஒருவருமே இல்லை. ஆகவே முறை போடுங்கள். அரை மணிக்கு ஒருவர் காவல். அவருக்குப் பேச்சு கூடாது, கைப்பேசி கூடாது, பீர் அறவே கூடாது. சின்னப் பிள்ளையின் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். காற்றடைத்த டியூப்பை நம்பாதீர்கள். காற்று அதை ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். தீவைச் சுற்றிக் காட்டும் சிறு படகில் ஏறினால், பிள்ளையின் அளவுக்கேற்ற மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கி மாட்டுங்கள்.

யாராவது தத்தளித்தால், நீந்தத் தெரியாதவர் குதிக்காதீர்கள். ஒரு சாவு இரண்டாகும். கயிறோ, மூடிய காலித் தோங்கோ வீசுங்கள். உதவிக்குக் கூவுங்கள், 999க்கு அழையுங்கள்.

சொறிமீன் பட்டால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். சுக்கா எனும் வினிகரை அரை நிமிடம் ஊற்றுங்கள். ஒரு சிறு போத்தல் பையில் இருந்தால் போதும். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் கிளினிக்குக்கு ஓடுங்கள்.

திரும்பும் நேரம்

தீவில் இறங்கியதும் கடைசி ஃபெரி எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கு முந்தியதில் ஏறத் திட்டமிடுங்கள். படகுத்துறையில் ஒருமுறை, ஃபெரியில் ஒருமுறை, வேனில் ஒருமுறை பிள்ளைகளை எண்ணுங்கள். போனபோது இருந்த கணக்கு வீடு திரும்பும்போதும் சரியாக இருக்க வேண்டும். அதுவே நல்ல பயணம்.