பொழுதுபோக்குக் காணொளி அலைவரிசை: கருப்பொருளைத் தேர்வது எப்படி?

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்தினர் 2018-இல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்னும் யூடியூப் அலைவரிசையைத் தொடங்கினர். சமையலில் தேர்ந்த தாத்தா, திறந்தவெளி அடுப்பு, ஊர் வயல் ஆகியவையே அவர்களின் மூலதனம். 2021-இல் சந்தாதாரர்கள் ஒரு கோடியைக் கடந்தனர். அவர்கள் கருப்பொருளைத் தேடி அலையவில்லை; கையில் இருந்ததையே எடுத்துக்கொண்டனர்.

தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் பெருங்கடவிளை வாசகரும் அவ்வாறே தொடங்கலாம். மனத்தில் தோன்றும் கருப்பொருளின் கீழ் இருபது தலைப்புகளை எழுதிப் பாருங்கள். பத்மநாபபுரத்திலிருந்து களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் நவராத்திரி ஊர்வலம் கண்கொள்ளாக் காட்சியே. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். பாலராமபுரம் கைத்தறியோ பாவு, ஊடு, கரை, கசவு எனப் பல பாடங்களாக விரியும். நெசவாளரின் இசைவைப் பெற்ற பின்னரே படம்பிடிக்க வேண்டும்.

அடுத்து, செலவைக் கணக்கிடுங்கள். நீண்ட காணொளிகளுக்கு விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை. எனவே, கேமரா வாங்க வைப்புத்தொகையை இடையில் முறிக்காதீர்கள், கடனும் வாங்காதீர்கள். கைப்பேசியில் ஐந்து காணொளிகளை எடுங்கள். ஆறாவதை எடுக்கும் ஆவல் எஞ்சியிருப்பின், அதுவே உங்களுக்குரிய கருப்பொருள்.