மூச்சிரைப்பும் பள்ளிவாசல் படிகளும்



ஜும்ஆவில் எப்போதும் முதல் ஸஃப்பில் நிற்கும் பெரியவர், சில மாதங்களாகக் கடைசி ஸஃப்பில் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். அப்புறம் ஃபஜ்ருக்கு வருவது நின்றுபோகிறது. விசாரித்தால், "வயசாயிடுச்சு தம்பி, படி ஏறினா மூச்சு வாங்குது" என்கிறார். வீட்டாரும், "அத்தாவை எங்கேயும் அனுப்புறதில்லை, உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துடுறோம்" என்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த அன்பே அவரை மேலும் முடக்கிவிடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

வயதின் மேல் பழி போடாதீர்கள்

மாதக்கணக்கில் இருமல், காலையில் சளி, சமவயதினருடன் நடக்கும்போது பின்தங்குவது ஆகியவை நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயின் (சிஓபிடி) அடையாளங்களாக இருக்கலாம். காற்றுக் குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று முழுவதும் வெளியேற முடியாமல் தங்கிவிடுவதே இந்நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் 35 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள்.

ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுக்கும். மருந்து கொடுத்த பிறகும், முழு மூச்சில் ஊதும் காற்றில் 70 சதவீதத்துக்கும் குறைவாகவே முதல் நொடியில் வெளியேறினால் அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

பீடி, சிகரெட் முக்கியக் காரணம். புகைக்காதவர்களுக்கும் இது வரும். காற்றோட்டமில்லாத அடுப்படியில் பல வருடம் விறகடுப்பு ஊதிய பெண்கள், தூசியிலும் ரசாயனப் புகையிலும் வேலை செய்தவர்கள் நம்மிடையே ஏராளம். வீட்டில் பீடி சுற்றும் பெண்கள் காற்றோட்டமான இடத்தில் அமர்ந்து, மூக்கையும் வாயையும் மறைத்துக்கொள்ள வேண்டும். நோயாளி இருக்கும் வீட்டில் சாம்பிராணிப் புகையையும் கொசுவர்த்தியையும் தவிர்ப்பது நல்லது.

புகைப்பதை எந்த வயதில் விட்டாலும் பலன் உண்டு. தனியாக விட முடியாதவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தேசிய எண்ணை அழைத்து ஆலோசனை பெறலாம்.

நடையை விட்டால் மூச்சும் குறையும்

மூச்சு வாங்குகிறது என்று நடையைக் குறைத்தால் கால் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசைக்கு அதே தூரம் நடக்க அதிகக் காற்று தேவைப்படுகிறது. நேற்று தெருமுனையில் வாங்கிய மூச்சு, நாளை வாசலிலேயே வாங்கும். பயத்தில் இன்னும் குறைவாக நடப்பார். கடைசியில் கட்டிலே கதியாகிவிடும்.

சேதமடைந்த நுரையீரலைப் பழையபடி ஆக்க முடியாது. தசைகளை மீட்டெடுக்க முடியும். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தினமும் சிறிது தூரம் நடக்க வேண்டும். நடக்கும்போது ஓரளவு மூச்சு வாங்குவது ஆபத்தல்ல. நின்று இளைப்பாறி மறுபடி நடக்கலாம்.

இதற்குத் துணை, உதடு குவித்து மூச்சு விடுவது. மூக்கு வழியாக இரண்டு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். சூடான தேநீரை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும் வரை மெல்ல வெளியே விடுங்கள். தங்கிய காற்று வெளியேறிப் புதுக் காற்றுக்கு இடம் கிடைக்கும். படி ஏறும்போதும், எழும்போதும் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே செய்யுங்கள்.

இன்ஹேலரைப் பற்றிய பயம்

"ஒருமுறை தொட்டால் விட முடியாது" என்று இன்ஹேலரை ஒதுக்குபவர்கள் அநேகர். அது போதைப் பொருள் அல்ல. மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால், மிகச் சிறிய அளவே போதுமானது. தினசரி மருந்தை, நன்றாக இருக்கும் நாளிலும் நிறுத்தக் கூடாது.

அழுத்தி எடுக்கும் இன்ஹேலரைப் பயன்படுத்தும் முறை:

1. நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள்.
2. வாயில் வைத்து உதட்டை இறுக்கி மூடுங்கள்.
3. மெதுவாக இழுக்கத் தொடங்கி, உடனே அழுத்துங்கள். தொடர்ந்து ஆழமாக இழுங்கள்.
4. பத்து எண்ணும் வரை அடக்கி வையுங்கள்.
5. ஸ்டீராய்டு மருந்து என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்.

அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக வராத முதியவர்களுக்கு ஸ்பேசர் என்ற குழாய் உதவும். மாத்திரையை உள்ளே போட்டு இழுக்கும் கருவி என்றால் மெதுவாக அல்ல, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும்.

தொழுகையும் நோன்பும்

நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. குனியும்போது வயிறு மேலே அழுத்துவதால் ஸஜ்தாவில் சிலருக்கு மூச்சு முட்டும். அவர்கள் நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழுவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ரமளான் வருவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஒருவேளை அல்லது இருவேளை மருந்துகளை ஸஹர், இஃப்தார் நேரங்களுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இன்ஹேலரால் நோன்பு முறியுமா என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. உங்கள் ஆலிமிடம் தெளிவு பெறுங்கள். மூச்சுத் திணறும்போது மட்டும் மஃரிபுக்காகக் காத்திருக்காதீர்கள். நோயாளிக்கான சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களிலேயே இருக்கிறது. அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பது ஈமானின் குறை ஆகாது.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை

ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசியும், மருத்துவர் சொல்லும் நிமோனியா தடுப்பூசியும் போடச் செய்யுங்கள். உம்ரா, ஹஜ் கூட்டத்துக்குச் செல்பவர்களுக்கு இது மிக அவசியம்.

வீட்டில் ஆக்ஸிஜன் வைக்கச் சொன்னால், பொதுவாக நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் தேவை. அளவை நாமாகக் கூட்டினால், சிலருக்கு உடலில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும். அருகில் அடுப்பு, ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது.

சளி கூடினாலும், மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், காய்ச்சல் வந்தாலும், கால் வீங்கினாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். உதடு நீலம் பாரித்தால், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டால், குழப்பமோ அதிகத் தூக்கமோ தெரிந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை அத்தாவுக்குத் தேநீரைக் கட்டிலுக்குக் கொண்டுபோகும் முன், "வாங்க அத்தா, திண்ணை வரைக்கும் மெதுவா நடந்து போய்க் குடிக்கலாம்" என்று கையை நீட்டுங்கள். திண்ணையிலிருந்து தெருமுனை, தெருமுனையிலிருந்து பள்ளிவாசல் என்று இன்ஷா அல்லாஹ் தூரம் கூடும். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.