எல்லைப்புற மழலையும் முதற்பள்ளியும்



மழலைப் பள்ளியில் குழந்தை என்ன கற்கிறது என்று கேட்டால், ‘ஆடுகிறது, பாடுகிறது, உறங்குகிறது’ என்று சிரித்துக்கொண்டே விடை கூறுவோர் பலர். எழுத்தாணி பிடித்த பின்னரே கல்வி தொடங்குவதாக அவர்கள் கருதுகின்றனர். இஃது உண்மையன்று. செர்மானிய நாட்டுக் கல்வியறிஞர் பிரோபெல் 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறுவர்க்கென ஒரு நிலையம் கண்டார். 1840-இல் அதற்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ எனப் பொருள்படும் ‘கிண்டர்கார்ட்டன்’ என்னும் பெயரைச் சூட்டினார். விளையாட்டே அவ்வயதின் கல்வி என்பது அவர் கொள்கை. நம் நாட்டில் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய திட்டத்தின்கீழ் வந்த அங்கன்வாடிகள் இன்று சிற்றூர்தோறும் அப்பணியைச் செய்கின்றன.

முதற் சில மாதங்களில் குழந்தை கற்பவை எவை? தாயைப் பிரிந்திருக்கக் கற்கிறது. மாலையில் அவள் வருவாள் என்று நம்பக் கற்கிறது. தன் முறை வரும்வரை காத்திருக்கவும், பகிர்ந்து உண்ணவும், பசி, தாகம், வலி ஆகியவற்றைப் பிறரிடம் சொல்லவும் கற்கிறது. சிரட்டையில் மண் அளந்து, ‘நிறைய’, ‘குறைய’ என்பவற்றின் பொருளை உணர்கிறது. ஐந்து வரை ஒப்பிப்பது வேறு. ஐந்து கூழாங்கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, ‘மொத்தம் ஐந்து’ என்று அறிவது வேறு. பின்னதே கணக்கின் வித்து. களிமண் உருட்டும் விரல்களே நாளை எழுதுகோல் பிடிக்கும் விரல்கள்.

இவையனைத்தும் எதன் வழியாக நிகழ்கின்றன? மொழியின் வழியாகவே. அதனாற்றான் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய எல்லைப்புற ஊர்களை ஈண்டு நினைக்க வேண்டியுள்ளது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு அப்பாலும் தமிழ் பேசும் வீடுகள் உண்டு. இப்பால் மலையாளம் பேசும் வீடுகளும் உண்டு. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது, நாவைப் பிரிக்கவில்லை.

அங்குள்ள தமிழ் வீட்டுக் குழந்தை ஒன்று முதல் நாளன்று அழுகிறது என்று கொள்வோம். ஆசிரியை அன்போடு ‘கரயண்டா’ என்கிறார். ‘அழாதே’ என்பது பொருள். காக்கை கரைவதை அறிந்த குழந்தைக்கும் அச்சொல் ஆறுதலாகச் சென்று சேர்வதில்லை. ‘வெள்ளம் வேணோ?’ என்கிறார். குடிநீர் வேண்டுமா என்பது வினா. தமிழிலோ வெள்ளம் என்பது ஆற்றுப் பெருக்கு! குழந்தை வாய் திறவாது நிற்கிறது. புதுமொழிச் சூழலில் புகுந்த குழந்தை சில காலம் பேசாதிருந்து, செவியால் மட்டும் கற்பது இயல்பு. அதனை மந்தம் என்று முடிவு கட்டிவிட்டால், அப்பிழை அக்குழந்தையைப் பல ஆண்டுகள் தொடரும்.

எனினும் அஞ்ச வேண்டுவதில்லை. இரு மொழிகளும் ஒரு குடிப் பிறந்தவையன்றோ? கை, கால், கண், மூக்கு இரண்டிலும் உள்ளன. மழை ‘மழ’ ஆகிறது. தலை ‘தல’ ஆகிறது. குடை ‘குட’ ஆகிறது. நம் பேச்சுத் தமிழும் ‘மழ’, ‘தல’ என்றுதானே ஒலிக்கிறது! ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணும் பிள்ளைக்கு ஒந்நு, ரண்டு, மூந்நு எட்டாத தொலைவன்று. இவ்வுறவைக் காட்டிக் கற்பிப்பின், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் குழந்தை தானே நடந்து செல்லும்.

சட்டம் யாது கூறுகிறது? எல்லை மாறிய அதே 1956 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஏழாவது திருத்தம், அரசியலமைப்பில் 350-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியிற் பெறப் போதிய வசதி செய்ய முயல்வது அரசுகளின் கடமை என்பது அதன் கருத்து. தொடக்கப் பள்ளிக்கு முற்பட்ட வயதை அப்பிரிவு பெயர் சுட்டிக் கூறவில்லை. மொழி வேரூன்றும் வயதோ அதுவே! 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பருவத்தை ஒரே அடிப்படை நிலையாகக் கொண்டமை இங்குக் கருதத்தக்கது.

ஆயினும் சட்டத்திற்காகக் காத்திருக்க வேண்டுமா? ஆசிரியை குழந்தையின் வீட்டுச் சொற்களில் இருபதை அறிந்திருந்தாலே முதல் மாதத்துக் கண்ணீர் பாதியாகும். தண்ணீர், பசி, வலி, அம்மா எப்போது வருவாள் என்பன போன்ற சொற்களே அவை. பெற்றோரும், ‘பள்ளிமொழி குழம்பிவிடும்’ என்று அஞ்சி வீட்டில் தமிழை நிறுத்திவிடலாகாது. இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் குழந்தையின் அறிவு குன்றுவதில்லை. இரவில் தமிழிற் கேட்ட கதை, பகலில் மலையாளக் கதையை விளங்கிக்கொள்ள உதவுகிறது. எல்லைக்கு இப்பால் மலையாள வீட்டிலிருந்து தமிழ்ப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கும் இந்நீதியே பொருந்தும்.

நண்பர்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது, நும் தெருவிலுள்ள அங்கன்வாடிக்கு ஒருமுறை செல்லுங்கள். ஆசிரியையின் இசைவு பெற்று, அங்குப் பேசாது அமர்ந்திருக்கும் பிள்ளையின் அருகே அமர்ந்து, அதன் வீட்டுமொழியில் ஒரு கதை சொல்லுங்கள். அப்பிள்ளை வாய் திறந்து கேட்கும் முதல் வினாவே அதன் கல்வியின் தொடக்கம்.